குறிபார்க்கும் முறைகள் எதுவரை கைகொடுக்கும்?

#1 · ஒன்பதாம்பந்து

வணக்கம். பூல், அதாவது குழிகள் உள்ள மேசையில் ஆடும் பில்லியர்ட்ஸ், ஆடத் தொடங்கி மூன்று வருடம் ஆகிறது. வாரத்தில் நான்கு நாளாவது மேசையில் இருப்பேன். நேர் ஷாட்டும், குழிக்குப் பக்கத்தில் நிற்கிற பந்தும் விழுந்துவிடுகின்றன. என் பிரச்சினை கட் ஷாட்தான், அதாவது பந்தின் ஓரத்தில் இடித்து அதைக் கோணத்தில் திருப்பி அனுப்புவது. இலக்குப் பந்து குழியிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, கியூ கோலால் நாம் அடிக்கிற வெள்ளைப் பந்து அதிலிருந்து இன்னொரு மீட்டர் தள்ளி, கோணம் இருபதுக்கும் ஐம்பதுக்கும் இடையில். இந்த ஷாட் ஒரு நாள் வரிசையாக விழும். மறுநாள் அதே மேசை, அதே கியூ, ஒன்றுகூட விழாது.

முதலில் கோஸ்ட் பால் பழகினேன். அப்புறம் பந்தைக் கால், அரை, முக்கால் என்று பிரித்துப் பார்க்கும் முறைக்குப் போனேன். இப்போது சென்டர் டு எட்ஜ் வீடியோக்கள் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எது எடுத்தாலும் முதல் வாரம் கண் திறந்த மாதிரி இருக்கிறது. மூன்றாவது வாரத்தில் பழைய இடத்துக்கே வந்து நிற்கிறேன்.

எனக்கு முறை பிடிபடவில்லையா? இல்லை, முறைக்கே ஓர் எல்லை இருக்கிறதா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

#2 · ஒருகை

தம்பி, முறை எதுவும் வேண்டாம். நான் ஆடக் கற்ற காலத்தில் இந்தப் பெயர்களே கிடையாது. பந்தைப் பார், குழியைப் பார், அடி. விழாவிட்டால் மறுபடி அதே இடத்தில் வைத்து அடி. கண் தானே கற்றுக்கொள்ளும். சித்திரமும் கைப்பழக்கம் என்று சும்மாவா சொன்னார்கள். வீடியோ பார்க்கிற நேரத்தை மேசையில் செலவழியுங்கள்.

#3 · பச்சைத்துணி

ஒருகை அண்ணா, உங்கள் வழியில் நன்றாக ஆட வந்தவர்கள் நிறையப் பேர் என்பது எனக்குத் தெரியும். ஆனால் தப்பான கோட்டில் பழகினால் கைக்கு அந்தத் தப்புத்தான் பழகும். புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது நான் திரும்பத் திரும்பப் பார்க்கிற ஒரு தவறைச் சொல்கிறேன்.

குழியிலிருந்து இலக்குப் பந்தின் மையம் வழியாக ஒரு கோடு இழுத்தால், அது பந்தின் பின்புறம் ஒரு புள்ளியில் வெளியே வரும். அங்கே இடித்தால் பந்து குழிக்குப் போகும். இதை எல்லோரும் சரியாகவே கண்டுபிடிக்கிறார்கள். அடுத்து, வெள்ளைப் பந்தின் மையத்தை அந்தப் புள்ளியை நோக்கி அனுப்புகிறார்கள். அங்கேதான் பிழை. வெள்ளைப் பந்தும் உருண்டைதானே. அதன் மையம் அந்தப் புள்ளியை அடைவதற்கு முன்பே அதன் தோள் வேறோர் இடத்தில் இடித்துவிடும். 30 டிகிரி கட் வேண்டிய இடத்தில் இப்படிக் குறிபார்த்தால் கிடைப்பது பதினான்கரை டிகிரிதான். பாதிக்குப் பாதி தடித்துப் போகிறது, அதாவது பந்தை அளவுக்கு மேல் முழுசாக இடித்து, கோணம் குறைந்துவிடுகிறது. மெல்லிசு என்றால் இதற்கு எதிர்.

கோஸ்ட் பால் முறை இதைத்தான் சரிசெய்கிறது. பூல் பந்தின் விட்டம் 57.15 மில்லிமீட்டர். இடிக்கிற கணத்தில் வெள்ளைப் பந்தின் மையம், இலக்குப் பந்தின் மையத்திலிருந்து சரியாக ஒரு விட்டம் பின்னால், குழிக் கோட்டின் மேலேயே இருக்க வேண்டும். குறி அந்த இடத்துக்கு. இதை யாராவது ஒரு தடவை கையைப் பிடித்துக் காட்டினால் ஆறு மாதம் மிச்சம். அதனால் முறையே வேண்டாம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆனால் கோஸ்ட் பாலுக்கும் ஒரு குறை உண்டு, ஒன்பதாம்பந்து. இல்லாத ஒரு பந்தை வெறும் துணியின் மேல் கற்பனை செய்ய வேண்டும். நின்றுகொண்டு பார்க்கும்போது அது தெளிவாக இருக்கும். குனிந்து தாடை கியூவுக்குப் பக்கத்தில் வந்ததும் அந்த இடம் கரைந்துவிடும்.

#4 · பின்னக்கணக்கு

அக்கா சொன்னதோடு சில எண்களைச் சேர்க்கிறேன். எண்ணாகப் பார்த்தபோதுதான் எனக்கு இந்த விஷயம் பிடிபட்டது.

பின்ன முறையில், வெள்ளைப் பந்து இலக்குப் பந்தை எவ்வளவு மறைக்கிறது என்பதுதான் குறி. முக்கால் பங்கு மறைத்தால் பதினான்கரை டிகிரி. பாதி மறைத்தால் 30. கால் மறைத்தால் 48.6. அரைப் பந்துக்கு மட்டும் ஒரு வசதி உண்டு. கியூவின் நடுக்கோடு நேராக இலக்குப் பந்தின் விளிம்பைக் காட்டும். கண்ணுக்குத் தெரிகிற ஒரு நிஜமான இடம். அதைத் தாண்டி மெல்லிதாகப் போனால் குறி பந்துக்கு வெளியே, காற்றில் விழுகிறது. கால் பந்துக்கு விளிம்பிலிருந்து 14 மில்லிமீட்டர் வெளியே பார்க்க வேண்டும். மெல்லிய கட்டில் எல்லோரும் திணறுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இப்போது உங்கள் ஷாட்டுக்கு வருவோம். மூலைக் குழியின் வாய் நாலரை அங்குலம், அதாவது 114 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பந்து 57. நடுவிலிருந்து இரு பக்கமும் ஏறக்குறைய 28 மில்லிமீட்டர் இடம் இருக்கிறது. மெதுவாக வந்தால் குழியின் உதட்டில் உரசியும் விழும், அதை விட்டுவிடுவோம். ஒரு மீட்டர் தூரத்துக்கு 28 மில்லிமீட்டர் என்றால் ஒன்றரை டிகிரிக்குச் சற்று மேல். இலக்குப் பந்து அந்தக் கூம்புக்குள் கிளம்பியாக வேண்டும். பந்தின் மேல் அளந்தால், இடிக்கும் புள்ளி 0.8 மில்லிமீட்டருக்கு மேல் தவறக்கூடாது.

அரைப் பந்துக்கும் கால் பந்துக்கும் நடுவில் 18 டிகிரிக்கு மேல் இடைவெளி. உங்களுக்குக் கிடைக்கிற சலுகை இரு பக்கமும் ஒன்றரை டிகிரி. 0-விலிருந்து 70 டிகிரி வரை இந்த அளவில் வெட்டிப் பார்த்தால் இருபதுக்கும் மேற்பட்ட குறிகள் தேவைப்படும். மூன்று குறிகளை வைத்துக்கொண்டு அத்தனையையும் அடிக்க முடியாது.

அப்படியானால் முதல் வாரம் எல்லாம் விழுந்தது எப்படி? அதே கணக்கை 30 சென்டிமீட்டர் தூரத்துக்குப் போடுங்கள். இரு பக்கமும் ஐந்து டிகிரிக்கு மேல் இடம் கிடைக்கிறது. அங்கே மூன்று குறிகளே ஏறக்குறைய பாதி ஷாட்டுகளைத் தாங்கிவிடும். முறைகளைக் கற்றுக்கொடுக்கும்போது பெரும்பாலும் குழிக்கு அருகில்தான் பந்தை வைக்கிறார்கள். அது தப்பில்லை. ஆனால் அங்கே பிறக்கிற நம்பிக்கையை ஒரு மீட்டர் தூரத்துக்கு அப்படியே எடுத்துப் போக முடியாது.

#5 · ஒன்பதாம்பந்து

பின்னக்கணக்கு, மிக்க நன்றி. மூன்று வருடத்தில் யாரும் எனக்கு இதை இப்படிச் சொன்னதில்லை. அப்படியென்றால் 38 டிகிரி ஷாட் வந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்?

#6 · பின்னக்கணக்கு

அரைப் பந்தைக் கண்ணில் எடுத்துக்கொண்டு, 'இதைவிடக் கொஞ்சம் மெல்லிசு' என்று நகர்த்துவேன். அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்பது முறையில் இல்லை. அது அடித்து அடித்துச் சேர்ந்தது. ஒருகை அண்ணா சொல்வது அந்த இடத்தில் முழு உண்மை. முறை எனக்குக் கொடுப்பது, எங்கிருந்து நகர ஆரம்பிக்க வேண்டும் என்ற ஒரு நிலையான இடம்.

#7 · மையவிளிம்பு

நான் சென்டர் டு எட்ஜ் முறையில் ஆடுபவன், ஆறு வருடமாக. இந்த முறையைப் பரப்பியவர் என்று ஹால் ஹௌலைச் சொல்வார்கள். அதை இன்றிருக்கும் விரிவான வடிவத்துக்குக் கொண்டுவந்தவர் ஸ்டான் ஷஃபெட். இதைப் பற்றிப் பேசினாலே பாதிப் பேர் ஏமாற்று என்கிறார்கள், மீதிப் பேர் வேதம் என்கிறார்கள். இங்கே நிதானமாகப் பேச்சு நடக்கிறது என்பதால் எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காக: ஷாட்டின் பின்னால் நின்று இரண்டு கோடுகளை ஒரே நேரத்தில் பார்ப்போம். ஒன்று, வெள்ளைப் பந்தின் மையத்திலிருந்து இலக்குப் பந்தின் விளிம்புக்கு. இன்னொன்று, வெள்ளைப் பந்தின் விளிம்பிலிருந்து இலக்குப் பந்தின் மேல் குறித்துக்கொண்ட ஓர் இடத்துக்கு. இரண்டும் சேர்ந்து தெரிகிற இடம் ஒன்றே ஒன்றுதான். தலை அங்கே வந்து நிற்கும். அங்கிருந்து சற்று ஒதுங்கிய கோட்டில் இறங்கி, கியூவின் நுனியான டிப்பை வெள்ளைப் பந்தின் மையத்துக்குத் திருப்பிக் கொண்டுவருவோம். அதுதான் பிவட்.

இந்த முறைக்கு வருவதற்கு முன் நான் ஒவ்வொரு ஷாட்டுக்கும் வேறு வேறு விதமாக நிற்பேன். சில சமயம் குனிந்த பிறகு இடுப்பை அசைத்துச் சரிசெய்வேன். ஷாட் தவறினால் எதனால் தவறியது என்றே தெரியாது. இப்போது ஒவ்வொரு தடவையும் ஒரே வரிசையில் வேலை நடக்கிறது. பெரிய ஆட்டத்தில் கை நடுங்கும்போது அந்த வரிசை என்னைப் பிடித்து நிறுத்துகிறது. மூன்று குறிகள் போதாது என்ற கணக்கு சரிதான். ஆனால் இந்த முறையில் அதே காட்சி வேறு வேறு நிலைகளில் வேறு வேறு கோணத்தைக் கொடுக்கிறது என்பது என் அனுபவம்.

#8 · பச்சைத்துணி

மையவிளிம்பு, உங்கள் அனுபவத்தை நான் சந்தேகப்படவில்லை. கடைசி வரியில் மட்டும்தான் எனக்குக் கேள்வி.

இரண்டு பந்துகளையும், அவற்றுக்கு நடுவே உள்ள தூரத்தையும் மாற்றாமல், மேசையில் அப்படியே நாலு அங்குலம் பக்கவாட்டில் நகர்த்தி வைக்கிறோம். பந்துகளுக்கு இடையிலான கோடுகள் எதுவும் மாறவில்லை. ஆனால் குழி இருக்கும் திசை மாறிவிட்டது, தேவையான கட் கோணமும் மாறிவிட்டது. இரண்டு பந்துகளை மட்டுமே பார்க்கிற ஒரு விதி இரண்டு இடத்திலும் ஒரே குறியைத்தானே கொடுக்க வேண்டும்? இரண்டும் விழுகிறது என்றால் வித்தியாசத்தை யாரோ உள்ளே நுழைத்திருக்கிறார்கள். அது உங்கள் கண். ஓரக்கண்ணில் குழி தெரிகிறது. தலை ஒரு மயிரிழை நகர்கிறது, பிவட் ஒரு துளி கூடுகிறது. உங்களுக்கே தெரியாமல் நடப்பதால் முறையே அதைச் செய்வதுபோல் தோன்றுகிறது.

#9 · மையவிளிம்பு

இந்தக் கேள்வியை முன்பும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நேர்மையாகச் சொன்னால் வடிவியலில் என்னிடம் முழுப் பதில் இல்லை. மேசை இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் இருப்பதோடு முறை பொருந்துகிறது என்பார்கள். அதை நான் காகிதத்தில் நிறுவிப் பார்த்ததில்லை.

உங்கள் சோதனையை நேற்று செய்தேன். காகிதத் துளையைச் சுற்றி ஒட்டுகிற சின்ன வளைய ஒட்டிகளைத் துணியில் ஒட்டி, இரண்டு நிலைகளைக் குறித்துக்கொண்டேன். இரண்டு இடத்திலும் பெரும்பாலும் விழுந்தது. பக்கத்தில் நண்பர் ஒருவரை நிறுத்தி என் கால்களைப் பார்க்கச் சொன்னேன். இரண்டாவது நிலையில் என் முன்னங்கால் ஒவ்வொரு தடவையும் ஓர் அங்குலம் உள்ளே வருகிறது என்றார். நான் அதைத் தெரிந்து செய்யவில்லை. ஆக, நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். குழியைப் பார்த்து உடம்பு தானே சரிசெய்கிறது.

ஆனால் இதைக் கேட்டு முறையை விட்டுவிடவும் எனக்கு மனமில்லை. உடம்பு அப்படிச் சரிசெய்வதற்கு ஒரு நிலையான ஆரம்ப இடத்தை இந்த முறைதான் எனக்குக் கொடுத்தது.

#10 · பச்சைத்துணி

நேரம் எடுத்துச் செய்து பார்த்ததற்கு மனமார்ந்த நன்றி. உங்கள் கடைசி வரியும், பின்னக்கணக்கு #6-இல் எழுதியதும் ஏறக்குறைய ஒன்றுதான்.

#11 · சாக்தூள்

இவ்வளவு நேரம் எல்லோரும் குறியை எப்படிக் கண்டுபிடிப்பது என்றே பேசுகிறோம். குறி முழுக்கச் சரியாக இருந்தாலும் பந்து குழிக்குப் போகாமல் இருக்கலாம் என்பதை யாரும் தொடவில்லை. த்ரோ பற்றிச் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோஸ்ட் பால், பின்னம், பிவட் எல்லாமே ஒரு விஷயத்தை நம்பி நிற்கின்றன: இடிக்கிற கணத்தில் இரு மையங்களையும் இணைக்கும் கோட்டில்தான் இலக்குப் பந்து போகும். இது வழவழப்பான, உராய்வே இல்லாத பந்துகளுக்குத்தான் பொருந்தும். நிஜத்தில் வெள்ளைப் பந்து இடித்துக்கொண்டே இலக்குப் பந்தின் தோளை உரசிப் போகிறது. அந்த உரசல், தான் போகிற பக்கமாக இலக்குப் பந்தைக் கொஞ்சம் இழுக்கிறது. விளைவு, பந்து நினைத்ததைவிடத் தடித்த கோட்டில் போகும்.

எவ்வளவு இழுக்கும்? கொலராடோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் பேராசிரியராக இருந்த டேவிட் ஆல்சியாடோரி, ஆட்டக்காரர்களுக்கு டாக்டர் டேவ், இதை வேகக் கேமராவும் கணக்கும் வைத்து விரிவாக ஆராய்ந்திருக்கிறார். மெதுவான ஸ்டன் ஷாட்டில், அதாவது வெள்ளைப் பந்து முன்னும் பின்னும் சுழலாமல் வழுக்கி வந்து இடிக்கும்போது, அரைப் பந்துக்கு அருகில், ஐந்து டிகிரி அளவுக்குப் போகும். ஆட்டக்காரர்கள் மனதில் வைத்துக்கொள்ளும் அளவு, ஓர் அடிக்கு ஓர் அங்குலம். அதே ஐந்து டிகிரி ஒரு மீட்டர் தூரத்தில் 87 மில்லிமீட்டர். பின்னக்கணக்கு கொடுத்த 28 மில்லிமீட்டரோடு வைத்துப் பாருங்கள். குறி சுத்தம், ஸ்ட்ரோக் (கியூவை ஓட்டும் விதம்) சுத்தம், பந்து மட்டும் குழிக்கு வெளியே போய் மேசை ஓரக் குஷனில் முட்டுகிறது.

இந்த இழுப்பு ஒரே மாதிரியும் இருக்காது. வேகமாக அடித்தால் குறையும். வெள்ளைப் பந்து முன்னோக்கி உருண்டோ பின்சுழன்றோ வந்தால் குறையும். ஸ்டன்னில் அதிகம். பந்தில் அழுக்கு இருந்தால் இன்னும் அதிகம். இடிக்கிற புள்ளியில், டிப்பில் தேய்க்கிற சாக் தூள் சிக்கிக்கொண்டால் ஒரு கணம் இரண்டும் ஒட்டிக்கொண்டு, பந்து வேறெங்கோ போய்விடும்.

வெளிப்பக்கச் சைடு, அதாவது இலக்குப் பந்து போகும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக வெள்ளையை நடுவிலிருந்து ஒதுக்கி அடித்துச் சுழற்றுவது, சிறிது கொடுத்தால் இரண்டு பந்துகளும் பற்சக்கரம்போல் உரசாமல் பிரியும். த்ரோ போய்விடும். அதனால்தான் சிலர் எல்லாக் கட் ஷாட்டுக்கும் ஒரு துளி வெளிச் சைடு வைத்தே ஆடுகிறார்கள்.

ஒன்பதாம்பந்து, ஒரு நாள் விழுந்தது மறுநாள் விழாததற்கு இதைக் கட்டாயம் யோசியுங்கள். அன்றைக்குப் பந்துகளைத் துடைத்திருந்தார்களா? நீங்கள் பயத்தில் மெதுவாக அடித்தீர்களா?

#12 · ஒருகை

சாக்தூள், இது நல்ல பதிவு. நான் மெதுவாக அடிக்கும்போது தானாகவே கொஞ்சம் மெல்லிசாகப் பார்ப்பேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரிந்ததில்லை. 'மெதுவாப் போட்டா தடிக்கும்' என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் சொல்வார், அவ்வளவுதான். அதற்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது என்று இன்றைக்குத்தான் தெரிகிறது. சைடு கொடுத்தால் த்ரோ போகும் என்கிறீர்கள். ஆனால் சைடு கொடுத்தால் வெள்ளைப் பந்தே நேராகப் போகாதே?

#13 · சாக்தூள்

ஆமாம் அண்ணா. டிப்பை இடப்பக்கம் வைத்தால் வெள்ளைப் பந்து கியூ காட்டும் கோட்டை விட்டு வலப்பக்கம் விலகும். டிஃப்ளெக்ஷன் என்கிறோமே, அதுதான். முழுச் சைடுக்குச் சாதாரணக் கியூவில் இரண்டு டிகிரி அளவுக்கு வரும். முன்பகுதி எடை குறைந்த ஷாஃப்டில் (கியூவின் முன்பாதி) குறையும், முற்றாகப் போகாது. ஒரு மீட்டருக்கு இரண்டு டிகிரி என்றால் 35 மில்லிமீட்டர், பாதிப் பந்துக்கு மேல். அப்புறம், குஷன் உயரத்தால் கியூவைப் பின்பக்கம் சற்று தூக்கித்தான் பிடிக்கிறோம். அதனால் சைடு கொடுத்த பந்து போகப் போகத் திரும்பவும் உள்ளே வளையும். மெதுவாக அடித்தால் அதிகமாக வளையும்.

இந்த மூன்றையும், அதாவது த்ரோ, டிஃப்ளெக்ஷன், வளைவு, ஒன்றாகக் கணக்கில் எடுத்துக்கொள்கிற குறிபார்க்கும் முறை எதையும் நான் பார்த்ததில்லை. மையப் பந்தில், சைடு இல்லாமல் அடிக்கும் ஷாட்டுக்குத்தான் நான் பார்த்த முறைகள் எழுதப்பட்டிருக்கின்றன. நிஜ ஆட்டத்தில் அடுத்த பந்துக்கு வெள்ளையைக் கொண்டுபோக சைடு தேவைப்படும் கணத்திலேயே முறை கையை விட்டுவிடுகிறது.

#14 · நிதானகை

ஒன்பதாம்பந்து இன்னும் ஒரு விஷயத்தை நமக்குச் சொல்லவில்லை: பந்து எந்தப் பக்கம் தவறுகிறது? அது தெரியாமல் மருந்து சொல்ல முடியாது.

வெள்ளைப் பந்து ஒரு மீட்டர் போகும் நேர் ஷாட்டில், கியூவின் திசை பத்தில் ஒரு டிகிரி தவறினாலே குழியின் ஓரத்துக்குப் போய்விடுகிறோம். 58 அங்குலக் கியூவில் பத்தில் ஒரு டிகிரி என்றால், டிப் சரியான இடத்தில் இருக்க, பின்முனை இரண்டரை மில்லிமீட்டர் தள்ளி இருப்பது. சட்டைப் பொத்தானின் கனம்தான். இவ்வளவு சின்ன பிழையைக் குறியா, கண்ணா, கையா என்று வெறுமனே அடித்துக்கொண்டே இருந்து பிரிக்க முடியாது. இப்படிப் பிரித்துப் பாருங்கள்.

இலக்குப் பந்தை வளைய ஒட்டியின் மேல் வையுங்கள், அசையாமல் நிற்கும். குழிக் கோட்டின் மேல், அதன் பின்னால், ஒட்டினாற்போல் இன்னொரு பந்தை வையுங்கள். கோஸ்ட் பால் இப்போது நிஜமாகவே இருக்கிறது. அந்தப் பந்தின் நடுவைப் பார்த்துக் குனியுங்கள். முன்னும் பின்னும் கியூவை ஓட்டி நிலைகொண்ட பிறகு, நண்பர் அந்தப் பந்தை மட்டும் மேலே தூக்கட்டும். கண்ணை எடுக்காமல் அடியுங்கள்.

இதில் குறிபார்க்கும் வேலையே இல்லை. எப்போதும் தடித்த பக்கமே தவறினால் த்ரோ. இரண்டு பக்கமும் மாறி மாறித் தவறினால் ஸ்ட்ரோக்.

அப்புறம் இதைத் தலைகீழாகச் செய்யுங்கள். உங்கள் முறைப்படி நீங்களே குறிபார்த்துக் குனிந்து நில்லுங்கள். அடிக்காதீர்கள். இப்போது நண்பர் கோஸ்ட் பாலைக் கொண்டுவந்து வைக்கட்டும். உங்கள் கியூ அதன் நடுவைக் காட்டுகிறதா? வலது கட், இடது கட் இரண்டிலும் பார்த்து எழுதுங்கள்.

#15 · ஒன்பதாம்பந்து

இரண்டு நாள் மாலையும் இதற்கே செலவழித்தேன். 30 டிகிரிக்கு அருகில், ஒரு மீட்டர் தூரம்.

முதல் சோதனை: மெதுவாக ஸ்டன் அடித்தபோது ஒவ்வொன்றும் தடித்த பக்கத்துக் குஷனில் இடித்தது. வேகத்தைக் கூட்டக் கூட்ட இடிக்கும் இடம் குழியை நோக்கி நகர்ந்தது. சாக்தூள் எழுதியது கண்முன்னால் நடந்தது. நண்பர் ஈரத்துணியால் பந்துகளைத் துடைத்து உலர்த்திய பிறகு இன்னும் நெருங்கியது. இரண்டு பக்கமும் சிதறவில்லை, அதனால் ஸ்ட்ரோக் அவ்வளவு மோசமில்லை என்று நினைக்கிறேன்.

தலைகீழ்ச் சோதனையில்தான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பந்தை இடப்பக்கம் அனுப்பும் கட்டில் என் கியூ கோஸ்ட் பாலின் நடுவை ஏறக்குறையத் தொட்டது. வலப்பக்கம் அனுப்பும் கட்டில் ஒவ்வொரு தடவையும் நடுவுக்கு வலப்புறம், ஒரு விரல் கனம் தள்ளிக் காட்டியது. கோஸ்ட் பால் முறையிலும் அப்படித்தான், பின்னத்திலும் அப்படித்தான். நான் முறையை மாற்றிக்கொண்டே இருந்தேன், பிழை மட்டும் என்னோடேயே வந்துகொண்டிருந்திருக்கிறது.

#16 · நிதானகை

ஒரு பக்கக் கட் சரி, மறுபக்கக் கட் தவறு என்றால் முதலில் பார்க்க வேண்டியது தலை எங்கே இருக்கிறது என்பதுதான். ஒவ்வொருவருக்கும் நேர்க்கோடு நேராகவே தெரிகிற ஓர் இடம் முகத்தில் உண்டு. சிலருக்கு அது மூக்குக்கு நேர், சிலருக்கு ஒரு கண்ணுக்குக் கீழ், பலருக்கு நடுவில் எங்கோ. கியூ அந்த இடத்துக்கு நேர் கீழே இல்லாவிட்டால் கோணமாகப் பார்க்கிறோம். நேர் ஷாட் ஒன்றை வைத்து, ஒவ்வொரு தடவையும் தலையை ஒரு சென்டிமீட்டர் அளவு நகர்த்திப் பாருங்கள். கியூவும் இரு பந்துகளும் ஒரே நூலில் கோத்தாற்போல் தெரிகிற இடம் கிடைக்கும். அந்த இடத்தைக் கட் ஷாட்டுக்கும் கொண்டுபோக வேண்டும்.

கடைசிப் பார்வையும் முக்கியம். ஜோன் விக்கர்ஸ் 'அமைதிக் கண்' என்ற கருத்தை முன்வைத்தவர். பில்லியர்ட்ஸ் ஆட்டக்காரர்களை வைத்து 2002-இல் வந்த ஓர் ஆய்வில், அடிப்பதற்கு முன் கண் ஒரே இடத்தில் நிலைத்திருக்கும் நேரம் தேர்ந்தவர்களுக்கு நீளமாக இருந்தது. விழுந்த ஷாட்டுகளில், விழாதவற்றைவிட நீளம். அடிக்கும் முன் கண்ணை ஒரே இடத்தில் நிறுத்துங்கள். வெள்ளைக்கும் இலக்குக்கும் அலையவிடாதீர்கள்.

#17 · மையவிளிம்பு

இதைப் படித்ததும் எனக்கு ஒன்று விளங்கியது. நான் ஆறு வருடமாகப் பார்த்துவரும் இரண்டு கோடுகளின் உண்மையான வேலை, என் தலையை அந்த ஒரே இடத்துக்குக் கொண்டுவருவதாக இருக்கலாம். வேறொருவருக்கு அதே வேலையை வேறொன்று செய்யும்.

#18 · ஒன்பதாம்பந்து

மூன்று வாரம் கழித்து வருகிறேன். வீடியோ பார்ப்பதை நிறுத்திவிட்டேன். அரைப் பந்தை மட்டும் அளவாக வைத்திருக்கிறேன். ஷாட்டின் பின்னால் நின்று, இது அரையைவிடத் தடித்ததா மெல்லிசா என்று முதலில் முடிவுசெய்கிறேன். வலப்பக்கக் கட்டுக்குத் தலையை இடது பக்கம் சற்று கொண்டுவந்துதான் குனிகிறேன். முதல் சில நாள் எல்லாம் தவறாகத் தெரிந்தது. கோஸ்ட் பாலை வைத்துப் பார்த்தால் கியூ நடுவைக் காட்டியது. அதனால் கண்ணை விட்டுப் பந்தை நம்பினேன். இப்போது அதுவே நேராகத் தெரிய ஆரம்பித்திருக்கிறது.

மைய அடியில் 20-க்கும் 45-க்கும் இடையில் இப்போது பயமில்லை. இன்னும் பிடிபடாதது, மெல்லிய கட்டில் உள்பக்கச் சைடு, அதாவது இலக்குப் பந்து போகும் பக்கத்திலேயே கொடுக்கிற சைடு. வெள்ளை சில சமயம் இலக்குப் பந்தையே தொடாமல் போகிறது, சில சமயம் தடிமனாக இடிக்கிறது.

#19 · சாக்தூள்

உள்பக்கச் சைடில் டிஃப்ளெக்ஷன் வெள்ளையை மெல்லிய பக்கம் தள்ளும். மெதுவாகப் போனால் வளைவு அதைத் திரும்பத் தடித்த பக்கம் கொண்டுவரும். உங்களுக்கு இரண்டும் மாறி மாறி நடக்கிறது என்றால் வேகம் நிலையாக இல்லை. ஒரே நிலை, ஒரே வேகம், டிப் ஒரே இடம் என்று வைத்துக்கொண்டு வளைய ஒட்டியில் திரும்பத் திரும்ப அடியுங்கள். கியூவை முடிந்தவரை கிடைமட்டமாகப் பிடியுங்கள். எந்தப் பக்கம் எவ்வளவு தவறுகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு வாருங்கள், அதை வைத்துப் பேசலாம்.

#20 · ஒருகை

தம்பி, அந்தத் தாளை இங்கேயும் போடுங்கள். நானும் இதே ஷாட்டை வளையம் ஒட்டி அடித்துப் பார்க்கப்போகிறேன்.